ஒரு பிழை, இரண்டு சொந்தக்காரர்கள்

1

ஒரு சொல்லுக்கு முப்பதாயிரம் யென் கேட்டார் உமெதானி. ஒரே ஒரு சொல். நாற்பத்தைந்து வருடப் பழசு. பேரம் பேசிப் பன்னிரண்டாயிரத்துக்கு இறக்கினேன். கொசுறாகக் கோட்டுப் பொத்தான் ஒரு டப்பா வேண்டும் என்றேன். கொடுத்தார். இந்தக் கதை பிறந்த விதம் அவ்வளவுதான். மற்றவர்களுக்குக் கதை கனவில் வரும், மழையில் வரும். எனக்கு ரசீதோடு வந்தது.

கொடுத்த காசுக்கு வாங்கிய சரக்கு அசல்தானா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை. கடைசியில் உங்களிடம்தான் கேட்கப் போகிறேன். தெரிந்துகொண்டே உள்ளே வாருங்கள்.

நானிவா கொக்குகள் என்று ஒரு தொழில்முறை பேஸ்பால் குழு. ஒசாகாவின் புறநகர் ரயில் கம்பெனி ஒன்றுக்குச் சொந்தம். இந்த நவம்பரோடு குழுவை வேறு ஊருக்கு விற்றுவிட்டு, மைதானத்தை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். போகிற போக்கில் குழுவின் வரலாற்றையும் சிறந்த ஆட்டக்காரர்களின் படங்களையும் கெட்டி அட்டையில் போட்டுவிடலாம் என்று கம்பெனிக்கு யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். எழுதுகிற வேலை என்னிடம் வந்தது. ஒசாகாவின் செம்பாவில், துணி மொத்தக்கடைத் தெருவில் வளர்ந்த தமிழன்; கொக்குகள் தோற்பதை அப்பாவின் தோளில் உட்கார்ந்த காலத்திலிருந்தே பார்த்தவன்; கேட்ட கூலியும் குறைவு.

கம்பெனிப் புத்தகம் வேறு, இது வேறு. அந்த அட்டைக்குள் அடங்காமல் வழிந்தது இது.

(குழுவின் பெயரைத் தேடிப் பார்க்காதீர்கள். மாற்றியிருக்கிறேன். ஆட்களின் பெயரையும்தான். ஒசாகாவை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் அந்தச் சொல் வேலை செய்யாது.)

2

முதலில் எழுதிப் பார்த்த தொடக்கம்:

1950-ஆம் ஆண்டின் வசந்தத்தில், கடைசி நிலையம்வரை பயணம் செய்ய ஆளே கிடைக்காத ஒரு ரயில் கம்பெனி, அந்த நிலையத்தை ஒட்டியிருந்த வெள்ளரித் தோட்டத்தை வாங்கி அதில்

நிறுத்திவிட்டேன். பொய்யில்லை. டிக்கெட் விற்பதற்கு ஒரு மைதானம், மைதானத்தை நிரப்ப ஒரு குழு, குழு தோற்காமலிருக்க நல்ல ஆட்டக்காரர்கள் என்று வரிசையாக வாங்கப் பார்த்தார்கள். மூன்றாவதை வாங்கும்போது காசு தீர்ந்துவிட்டது. முதல் பத்து வருட வரலாறு இதற்குள் முடிந்துவிடுகிறது. ஆனால் இப்படித் தொடங்கினால் உமெதானி வந்து சேர்வதற்குள் நீங்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவீர்கள்.

இரண்டாவது தொடக்கம், சிறந்த ஆட்டக்காரர்களிடமிருந்து:

இடக்கைப் பந்து வீச்சாளர் ஹிராகா ஒரே பருவத்தில் இருபத்தேழு ஆட்டம் வென்றார். அதற்குப் பிறகு அவர் முழங்கை நிமிரவேயில்லை. கோட்டுத் தைத்தால் ஒரு கையைக் குட்டையாகத் தைக்க வேண்டும். எங்கள் தெருக்காரர்கள் அந்தக் கோட்டுக்கும் முழு விலைதான் வாங்கினார்கள். மிதரை என்பவர் ஓட்டக்காரர், பந்து வீச்சாளர் கண்ணை எடுத்த நொடியில் அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவார். அவர் கல்யாணத்தில் மாமனார் எழுந்து, "நாங்களும் ஒரு நொடி அந்தப் பக்கம் திரும்பினோம், பொண்ணைக் காணோம்" என்று வாழ்த்துரை சொன்னார்.

இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இருவரும் கதைக்கு வேண்டாதவர்கள். மிதரை இதோடு சரி. ஹிராகா ஒரே ஒரு பந்து வீசுவதற்காக அடுத்த பகுதிக்குள் வருவார், வீசிவிட்டுப் போய்விடுவார்.

மூன்றாவது தொடக்கத்தில் பந்து மேலே போயிருந்தது. அந்தத் தொடக்கமே நிலைத்துவிட்டது.

3

1974 அக்டோபர். பகல் ஆட்டம், பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால் கோப்பை. குழு பிறந்ததிலிருந்து கோப்பை என்ற பொருளைக் கொக்குகள் மற்றவர்கள் கையில்தான் பார்த்திருந்தார்கள்.

கடைசி இன்னிங்ஸ். கொக்குகள் 2, வந்த குழு 1. எதிராளிகளில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவர் போனால் முடிந்தது. தளங்களில் அவர்களுடைய ஓட்டக்காரர்கள் இருவர் நிற்கிறார்கள். ஹிராகா வீசினார். மட்டையாளர் தப்பாக அடித்தார். பந்து செங்குத்தாக எழும்பி, இடது பக்கம் சாய்ந்து, ஒருவருக்கும் அவசரமில்லை என்பதுபோல் இறங்கத் தொடங்கியது. தெருவில் கிரிக்கெட் ஆடுகிற பொடியன்கூடக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கிற கேட்ச்.

பந்துக்கு உரியவர்கள் இரண்டு பேர். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே காவல் நிற்கும் ஷார்ட் உமெதானி, அண்ணாந்தபடியே பின்னால் ஓடுகிறார். இடது வெளிக்களத்து ஒசானாய் முன்னால் ஓடி வருகிறார். குழுவின் ஆகச் சிறந்த இரண்டு ஜோடிக் கைகள். உமெதானி கையில் பட்ட பந்து நழுவியதில்லை என்பார்கள். ஒசானாய் அடித்த ஹோம் ரன்களில் ஒன்று வெளியே நின்ற ரயில் பெட்டியின் ஜன்னலை உடைத்தது. கம்பெனி அவரிடமே ஜன்னலுக்குக் காசு கேட்டது.

அப்போது ஒரு குரல். ஒரு சொல்.

இருவரும் நின்றுவிட்டார்கள். பந்து இருவருக்கும் நடுவில், புல்லில் விழுந்தது. ஓட்டக்காரர்கள் இருவரும் 'வீடு' என்ற கடைசித் தளம்வரை ஓடி வந்து சேர்ந்தார்கள், இரண்டு ஓட்டம். 3-2. மிச்சமிருந்த தங்கள் முறையில் கொக்குகள் ஓர் ஓட்டமும் எடுக்கவில்லை. கோப்பை போனது, பிறகு அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

இப்படி நடப்பதற்கு இங்கே ஒரு பெயர் உண்டு: பெண் பார்த்தல். மாப்பிள்ளையும் பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டு, நீங்க பேசுங்க, இல்ல நீங்க பேசுங்க என்று உட்கார்ந்திருப்பார்கள், டீ ஆறிப்போகும். அதே மாதிரி. மறுநாள் எங்கள் தெருவில், "ஜாதகம் பொருந்திச்சா?" என்று கேட்டுத்தான் கடையைத் திறந்தார்கள். (ஜாதகம் நான் சேர்த்தது. அவர்கள் கேட்டது, "எப்ப கல்யாணம்?")

4

சொல் இதுதான்: ஜிபுன்.

பன்னிரண்டாயிரம் யென்னுக்கு வாங்கியதை உங்களுக்குச் சும்மா தருகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

நாட்டில் மற்ற இடங்களில், அதிலும் படையிலும் விளையாட்டிலும், ஜிபுன் என்றால் 'நான்'. முதுகை நிமிர்த்திக்கொண்டு சொல்கிற நான். ஒசாகாவில் அதே ஜிபுன், 'நீ'. "ஜிபுன், சாப்டாச்சா?" என்று இங்கே ஒருவர் கேட்டால் அவர் தன் வயிற்றைப் பற்றிப் பேசவில்லை. தமிழில் வாசிக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நமக்கும் 'தான்' என்றால் தன்னைச் சொல்வது; கொஞ்சம் இழுத்துத் 'தாங்கள்' என்றால் எதிரே நிற்கும் பெரிய மனிதர். நாம் இழுக்கவாவது இழுக்கிறோம். ஒசாகாக்காரர்கள் அந்தச் செலவும் வைத்துக்கொள்வதில்லை.

ஆக, பந்து மேலே இருக்கும்போது 'நான் பிடிக்கிறேன்' என்பதற்கும் 'நீ பிடி' என்பதற்கும் அந்த மைதானத்தில் ஒரே சொல்.

மேலாளர் மகாபேவுக்கு இந்த ஆபத்து தெரிந்திருந்தது. பழைய படைவீரர். ஆண்டுதோறும் வசந்தப் பயிற்சியின் முதல் காலை எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, "களத்துல ஜிபுன்னா நான். சட்டிபானைக் கடைப் பேச்சைச் செருப்போட வெளியில விட்டுட்டு வாங்க" என்பார். சட்டம் என்னவோ நல்ல சட்டம். ஆனால் வாய் சட்டம் படித்ததில்லை.

(கடைசி வரியைப் பிறகு அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.)

5

உமெதானியின் கடை செம்பாவில், பொத்தான் மொத்த வியாபாரம். உள்ளே போனதும், "லாபமா, தம்பி?" என்றார். "ஏதோ ஓடுது" என்றேன். இது இங்கே வணக்கம் சொல்லும் முறை. உண்மையில் யாருக்கும் லாபம் தெரியவேண்டியதில்லை.

எழுபத்தெட்டு வயது. வலது கண் போய்விட்டது. இடது கண்ணும் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறது. பொத்தானை விரலால் தடவியே எத்தனை துளை, என்ன ரகம் என்று சொல்லிவிடுகிறார். வாடிக்கையாளர்களுக்கு இன்னும் விஷயம் தெரியாது. எனக்கும் சொல்லவில்லை, ஆனால் நான் நீட்டிய நோட்டுகளை முகர்ந்து பார்ப்பதுபோல் கண்ணருகில் கொண்டுபோனபோது புரிந்துகொண்டேன். அடுத்த வசந்தத்தில் மைதானமும் இருக்காது, மைதானத்தைப் பார்க்கிற கண்ணும் இருக்காது.

கடைசி நாள் விழாவில் பழைய ஆட்டக்காரர்களை அவரவர் இடத்தில் நிற்க வைத்து, மேலே ஒரு பந்து அடித்து வேடிக்கை காட்டலாம் என்பது கம்பெனியின் திட்டம். உமெதானி மனைவிக்குத் தெரியாமல் பழைய சட்டையை வெளுக்கப் போட்டுவிட்டார். போட்டுவிட்டு, எனக்கு நிபந்தனை சொன்னார்.

"கத்தினது நான். அப்படித்தான் புஸ்தகத்துல வரணும். சூரியன் நேரா கண்ணுல இருந்துச்சு, பந்து தெரியல. ஒசாவுக்குத் தெரியும்னு நினைச்சு, நீ பிடின்னு கத்தினேன். அவசரத்துல அம்மா பேச்சுதானே வாயில வரும். அவன் வடக்கத்திப் பய, பாவம், மகாபே சொன்னதை நெஞ்சுல பச்சை குத்திக்கிட்டவன். நான் பிடிக்கிறேன்னு சொல்றதா நினைச்சு ஒதுங்கி நின்னான். அதுக்கு மலிவு இருக்கைக்காரங்க அவன் மேல உட்கார்ற மெத்தையை வீசினாங்க. என் மேல ஒண்ணு விழல. ஒண்ணு கூட."

அப்படி எழுதினால் விழாவுக்கு வருவீர்களா என்றேன்.

"ஒசா வந்தா வருவேன். எனக்குப் பின்னால இடது பக்கத்துல அவன் நிக்கணும். வேற எவனாவது நின்னா எனக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிஞ்சிடும்."

கூப்பிட வேண்டியதுதானே?

"நான் கூப்பிட மாட்டேன்" என்றார், பொத்தான்களைத் தட்டில் கொட்டிக்கொண்டே.

6

ஒசானாயின் தூண்டில் கடை சகாயில், கடலோரம். ஆள் இன்னும் கதவளவு. வடகோடியிலிருந்து ஒற்றைப் பையோடு வந்து ஐம்பது வருடம் ஆகிறது. பேச்சில் மட்டும் ஊர்ப் பனி கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. எதற்கும் யோசித்துத்தான் பதில். அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டபோது மட்டும் யோசிக்கவில்லை. (உமெதானியை அவர் 'உமே சான்' என்பார்; சான் என்றால் நம் 'அண்ணே' மாதிரி.)

"கத்தினது நான்தாங்க. ஓடி வரும்போது முழங்கால் மடங்கிடுச்சு. போய்ச் சேர மாட்டேன்னு தெரிஞ்சு போச்சு. ரெண்டு குளிர்காலம் உமே சான் வீட்டுச் சோறு தின்னவன் நான். அவங்க அம்மா எனக்குப் பேரே வைக்கல. ஜிபுன், இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ, ஜிபுன், கால் கழுவிட்டு வான்னுதான் கூப்பிடுவாங்க. அவர் வீட்டுப் பேச்சுல சொன்னா சட்டுனு பிடிபடும்னு, நீ பிடின்னு கத்தினேன். அவர் அன்னைக்குன்னு பார்த்து மகாபே சட்டப்படி நின்னுட்டார்."

எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டேன். புரியாமல் பார்த்தார். பிறகு எனக்கு ஏதோ குறை என்று நினைத்து, தூண்டில் முள் ஒரு பொட்டலம் எடுத்துக் கையில் வைத்தார். பன்னிரண்டாயிரம் கொடுத்து வாங்கிய சரக்கு அடுத்த கடையில் இனாம். அப்பா உயிரோடு இருந்திருந்தால் என்னைக் கல்லாவில் உட்காரவிட்டிருக்க மாட்டார்.

அன்று ஆட்டம் முடிந்ததும் இருவரும் தனித்தனியாக நிருபர்களிடம் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் பத்திரிகைகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டன. ஊர் சிரித்தது. உடை மாற்றும் அறையில் உமெதானி, "என் பில்லை நீ கட்டாதே" என்றாராம். ஒசானாய், "என் சட்டைப் பையில கையை விடாதீங்க" என்றாராம். ஓட்டலில் சாப்பிட்டு முடித்து, நான் தருகிறேன் நான் தருகிறேன் என்று இருவர் மல்லுக்கட்டுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த மல்லுக்கட்டு நாற்பத்தைந்து வருடமாக நடக்கிறது, மேசையில் யாரும் இல்லாமல். அந்தக் குளிர்காலத்திலேயே ஒசானாயை வேறு குழுவுக்குக் கைமாற்றிவிட்டார்கள். ஓய்வு பெற்றதும் திரும்பி வந்து, ரயிலில் அரை மணி தூரத்தில் கடை போட்டார். பேச்சு மட்டும் இல்லை.

"வீடு கொடுத்தார், சோறு கொடுத்தார், பேசக் கத்துக் கொடுத்தார்" என்றார் ஒசானாய். "தப்பையும் அவரே எடுத்துக்கிட்டா எனக்குன்னு இந்த ஊர்ல என்னங்க இருக்கு? அது என்னோடது. அப்படி அச்சுல வந்தா விழாவுக்கு வர்றேன்."

7

இரண்டும் பொருந்துகிறது. அதுதான் என் தலைவலி.

உமெதானி சொல்வது உண்மையானால் ஒசாகாக்காரர் ஒசாகா பேசினார், வடக்கத்திக்காரர் சட்டத்தைக் கேட்டார். ஒசானாய் சொல்வது உண்மையானால் வடக்கத்திக்காரர் ஒசாகா பேசினார், ஒசாகாக்காரர் சட்டத்தைக் கேட்டார். எப்படிப் பார்த்தாலும் இருவரும் நிற்கிறார்கள், பந்து விழுகிறது. படம் ஒன்று இருக்கிறது. எடுத்தவன் இருவரின் முதுகுப்பக்கம் நின்று எடுத்திருக்கிறான். முதுகுக்கு வாய் கிடையாது.

ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒருவர் வருவார், மற்றவர் வரமாட்டார். ஒருவர் வராவிட்டால் வந்தவரும் நிற்கமாட்டார். இருவரும் சேர்ந்து கத்தினார்கள் என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு கடைக்கும் நல்லவனாக நடக்கிற தரகனின் வாசகம் மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன்.

இந்தக் கட்டத்தில் ஃபுமி அம்மாள் வருகிறார். அந்தக் காலத்தில் மைதானத்து அறிவிப்பாளர். ஒலிபெருக்கியில் ஆட்டக்காரர்களின் பெயரைப் பாடுவதுபோல் சொல்லும் பெண்களை இங்கே குயில் என்பார்கள். (குயில் இல்லை, வேறொரு பறவை. நமக்குக் குயில்தான்.) குயிலுக்கு இப்போது எண்பது. மைதானத்து வாசலில் உள்ள உடோன் நூடுல்ஸ் கடையில், இனிப்பு டோஃபு வறுவலை முதலில் சாப்பிடுவதா கடைசியில் சாப்பிடுவதா என்று தீர்மானிக்க முடியாமல் குச்சியால் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே, சாவகாசமாகச் சொன்னார்: களத்தில் இருந்தவர்கள் யாரும் கத்தவில்லை. இடது பக்கப் படிக்கட்டில் ஓர் ஆள் தினமும் வருவான். ஒசானாயைச் சீண்டுவதுதான் அவன் பொழுதுபோக்கு. ஜிபுன், தூங்கிட்டியா? ஜிபுன், உன் ஊர்ல பந்து உருண்டையா இருக்குமா? அன்றும் பந்து மேலே இருக்கும்போது "ஜிபுன்" என்று ஆரம்பித்தான். மீதியைச் சொல்வதற்குள் பந்து விழுந்துவிட்டது.

நிச்சயமாகவா என்றேன்.

"நிச்சயமாத்தான். அந்தக் கடைசி ஆட்டத்துல." வறுவலை எடுத்தார், மறுபடி வைத்தார். "இல்ல, அதுக்கு முந்தின வாரமோ. மழை பேஞ்சுதே, அன்னைக்கா? அன்னைக்கு வெயில்னா சொல்றே?"

ஃபுமி அம்மாளை நீங்கள் எவ்வளவு நம்புகிறீர்களோ அவ்வளவுதான் நானும். எழுதி முடித்த பிறகு, இவரைக் கதையிலிருந்தே எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எடுக்க முடியவில்லை. காரணம், என் அப்பா.

அப்பா கடையில் ஒரு வழக்கம். ஒரு துணிக்கு இரண்டு பேர் முரண்டு பிடித்து விலை படியாமல் நின்றால், தெருவில் போகிற மூன்றாவது ஆளை உள்ளே கூப்பிடுவார். வாங்கச் சொல்லமாட்டார். சும்மா தொட்டுப் பார்க்கச் சொல்வார். துணி கைவிட்டுப் போகிறது என்று மற்ற இருவருக்கும் அப்போதுதான் உறைக்கும்.

8

புத்தகத்தின் அந்தப் பக்கத்தை மூன்றாவது ஆளின் பெயரில் எழுதி, ஒரு பிரதியைச் சகாய்க்குத் தபாலில் போட்டேன். மறுநாள் காலை இன்னொன்றை எடுத்துக்கொண்டு பொத்தான் கடைக்குப் போனேன். உமெதானி பூதக்கண்ணாடியைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் பாவனை செய்துவிட்டு, "நீயே வாசி" என்றார். வாசித்தேன்.

"அந்தச் சொல்லைக் கத்தியவர் ஆட்டக்காரர் எவரும் அல்லர் என்றும், இடது பக்கப் படிக்கட்டில் மலிவு இருக்கையில் இருந்த, பெயர் தெரியாத ரசிகர் ஒருவரே என்றும் இப்போது தெரியவருகிறது."

"எவன்?"

"பேர் தெரியாதுங்க."

"டிக்கெட் எவ்வளவு அப்ப?"

தெரியாது என்றேன். அவர் காது சிவந்தது. தொலைபேசியை எடுத்து, எதையும் பார்க்காமல், விரலாலேயே எண்களைத் தடவி அழுத்தினார். அப்போதுதான் பின்சுவரைக் கவனித்தேன். கடல் ஏற்ற இறக்க நேரங்கள் அச்சிட்ட நாட்காட்டி. சகாய், ஒசானாய் தூண்டில் கடை. உமெதானிக்கு மீன் வாடையே ஆகாது. இது எப்படி வந்தது என்று கேட்டேன். "வருஷா வருஷம் வருது" என்றார், ஜலதோஷத்தைச் சொல்வதுபோல்.

காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஒலிபெருக்கியில் போட்டுப் பேசுவார். எனவே இதை நான் ஒட்டுக் கேட்டதாகச் சொல்ல முடியாது.

"ஒசா."

மறுபக்கம் யோசனை. பிறகு, "ம்."

"வந்துச்சா?"

"வந்துச்சு. படிச்சேன்."

"எவனோ மலிவு டிக்கெட்டுக்காரனாம். நாப்பத்தஞ்சு வருஷமா நான் வச்சுக் காப்பாத்தினதைத் தூக்கி அவன் கையில கொடுக்குறான் இந்தப் பய."

"நீங்க வச்சிருந்தது இல்ல உமே சான். அது என்னோடது."

"சரி, நம்மளோடதுன்னு வை. அவனோடது இல்லல்ல?"

"இல்ல. டிக்கெட் நூறு யென்தான்."

"நூறு யென்னுக்கு நம்ம கோப்பையா?"

"அதான்."

"அப்ப ஞாயித்துக்கிழமை மைதானத்துக்கு வா. அவன் இல்லன்னு இவன்கிட்ட நேர்ல சொல்லுவோம்."

"யார் சொல்றது?"

"ஜிபுன்" என்றார் உமெதானி.

அப்புறம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. அவர் நீ சொல் என்றாரா, நான் சொல்கிறேன் என்றாரா? அம்மா பேச்சில் சொன்னாரா, மகாபே சட்டப்படியா? ஒசானாய் எதில் கேட்டுக்கொண்டார்? இருவரும் மற்றவரின் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். ஒரு பந்து மேலே போய்க் கீழே வருகிற நேரம். பிறகு சகாயிலிருந்து இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. இருமல் இல்லை. உமெதானி தொலைபேசியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "வெளியில போய் டீ குடிச்சிட்டு வா, தம்பி" என்றார். அவர் குரலில் ஏதோ உடைந்திருந்தது, அல்லது ஒட்டிக்கொண்டிருந்தது. நான் போய்விட்டேன். ஆகவே மீதிப் பேச்சு என்னிடம் இல்லை.

9

ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு இருவரும் வந்தார்கள். என்னிடம் வந்து மூன்றாவது ஆளை மறுக்க வேண்டுமே, அதை இருவரில் ஒருவரும் செய்யவில்லை. மற்றவர் சொல்லுவார் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் கேட்கவில்லை. அச்சுக்குப் போன பக்கத்தில், 'ஒரு குரல் கேட்டது' என்று மட்டும் போட்டிருந்தேன்.

ஃபுமி அம்மாள் கடைசி முறையாக ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்தார். ஷார்ட், உமெதானி. இடது வெளிக்களம், ஒசானாய். பெயர்களில் குழப்பமேயில்லை, எண்பது வயதுக் குரல் ஓரிடத்திலும் பிசிறவில்லை. கம்பளிச் சட்டைக்கு மேல் இழுத்து மாட்டிய பழைய சீருடையோடு உமெதானி தன் இடத்தில் போய் நின்றார். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. கையுறையில் இரண்டு முறை குத்தினார். பின்னாலிருந்து இரண்டு குத்து பதிலுக்குக் கேட்டது.

பயிற்சியாளர் ஒருவர் பந்தை மேலே அடித்தார். அதே அக்டோபர் வெயிலாக நவம்பர் வெயில் இருக்காது என்றாலும் அதே திசை. பந்து எழும்பி, இடது பக்கம் சாய்ந்து, இறங்கத் தொடங்கியது. ஒற்றைக் கண்ணோடு உமெதானி பின்னால் ஓடினார். ஓடினார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒசானாய் முழங்காலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

ஒரு குரல். ஒரு சொல்.

எனக்கு முன்னால் இருந்த வரிசை மொத்தமும் எழுந்து நின்று மறைத்துவிட்டது.

(அ) ஒசானாய் பிடித்தார். பத்திரிகைகளுக்கு இது பிடிக்கும். உமெதானிக்குப் பந்து தெரியவில்லை என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாமல் போகும்.

(ஆ) இந்த முறை இருவருமே நிற்கவில்லை. மோதி, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, சேர்த்து நூற்றைம்பதுக்கு மேல் வயதான ஒரு குவியலாகக் கிடந்தார்கள். பந்து அந்தக் குவியலில் எங்கேயோ

(இ) இருவரும் நின்றார்கள். பந்து புல்லில் விழுந்தது. ஒருவரை ஒருவர் பார்த்து, பெண் பார்க்க வந்த வீட்டில் செய்வதுபோல் இடுப்பை வளைத்து வணங்கிக்கொண்டார்கள்.

மூன்றையும் எழுதிப் பார்த்துவிட்டேன், மூன்றும் பொருந்துகிறது. பந்து விழுந்த ஓசை என் காதில் விழுந்தது. கையுறைத் தோலில் விழுந்ததா, புல்லில் விழுந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். அவர் அழுதுகொண்டிருந்தார், எதற்கு என்று அவருக்கும் தெளிவில்லை. பிறகு வாசலில் உமெதானியைக் கேட்டேன். "அவனைக் கேளு" என்றார். ஒசானாயைக் கேட்டேன். "அவருக்குத்தாங்க தெரியும்" என்றார். யார் கத்தினீர்கள் என்றாவது சொல்லுங்கள் என்றேன். இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து, ஒரே நேரத்தில் மூடிக்கொண்டு, மற்றவருக்கு வழிவிட்டார்கள்.

நான் கண்ணால் பார்த்தது இது ஒன்றுதான்: உடோன் கடையில் இருவரும் ஒரே பில்லை இரண்டு முனையில் பிடித்துக்கொண்டு இழுத்தார்கள். அது நடுவில் கிழிந்தது. கடைக்காரப் பெண் புதிதாக ஒன்று எழுத உள்ளே போனாள்.

10

கணக்கு முடிக்க வேண்டும். யார் கையிலும் படாமல் விழுகிற பந்தைப் பிழை என்று எழுதும் வழக்கம் இங்கே இல்லை. அடித்தவன் பெயரில் ஹிட் என்று வரவு வைத்துவிடுவார்கள். ஆக, இருவரும் ஆயுள் முழுக்க அடித்துக்கொண்ட அந்தப் பிழை, அதிகாரபூர்வமான கணக்கில் இல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்கோர் பலகையை எழுதுகிறவர் கையில் சுண்ணக்கட்டியோடு வெகுநேரம் நின்றுவிட்டு, ஒரு கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போனார். அவர் இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். குரல் யாருடையது, பந்து எங்கே விழுந்தது என்று முடிவு செய்துவிட்டு எழுதுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம்.

1974, வந்த குழு: ஓட்டம் 3, ஹிட் 8, பிழை 0.

1974, கொக்குகள்: ஓட்டம் 2, ஹிட் 6, பிழை 0.

கடைசி ஞாயிறு, கொக்குகள்: ஓட்டம் 0, ஹிட் 0, பிழை (   ).